தங்கச்சிமடத்தில் விழுந்தவரை மதுரைக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அப்பாவுக்கு 72 வயது. கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிவிட்டார்கள். அங்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எலும்பு டாக்டர் இங்கேயே இருக்கிறார், மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, அப்புறமும் எதற்கு இந்த அலைச்சல்? இன்னொன்று, என் மகள் எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிறாள். எலும்பு மருத்துவம் எடுக்க ஆசைப்படுகிறாள். பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா?"

இரண்டையும் ஒரே கேள்வியாகத்தான் நான் பார்க்கிறேன். இந்தக் கடற்கரையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் எம்.எஸ். ஆர்த்தோ என்ற எலும்பு மருத்துவ மேற்படிப்பைப் படித்து, இன்றுவரை அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருப்பவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அப்பா விஷயம். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால், இரண்டு நாளுக்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும். எலும்பு ஒட்டுவதற்காக மட்டும் இந்த அவசரம் இல்லை. அசையாமல் படுத்திருந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். இடுப்பு முறிந்த முதியவரின் உயிரைப் பெரும்பாலும் படுக்கைதான் வாங்குகிறது.

அந்த ஆபரேஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். காலை இழுத்துப் பிடித்து நிறுத்தும் டேபிள் வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நீளத்திலும் தடிமனிலும் பல அளவில் ராடும் ஸ்க்ரூவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 72 வயது இதயத்தைப் பார்த்து, முதுகில் ஊசி போட்டு, நடுவில் பிரஷர் இறங்கினால் தூக்கி நிறுத்தத் தெரிந்த மயக்க டாக்டர் வேண்டும். குரூப் பொருந்திய ரத்தம், அன்று இரவு கவனித்துக்கொள்ள ஐ.சி.யூ. படுக்கை, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கி, அதாவது ஆட்டோகிளேவ் செய்து, பிசகில்லாமல் தரும் ஊழியர்கள், எதைக் கேட்பேன் என்று முன்கூட்டியே தெரிந்து கையில் கொடுக்கும் தியேட்டர் நர்ஸ், மறுநாள் காலையில் எழுப்பி உட்கார வைக்கும் பிசியோதெரபிஸ்ட். உள்ளே வைத்த கம்பியில் கிருமி ஏறிவிட்டால் மாதக்கணக்கில் சீழ் வடியும், கடைசியில் கம்பியையே எடுக்க வேண்டிவரும். அதனால் இதில் எதையும் ஒப்புக்குச் செய்ய முடியாது.

சிறிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மயக்க டாக்டரிடம்தான் வண்டி நின்றுபோகும். ஒருவர்தான் இருப்பார். பிரசவ வார்டில் சிசேரியன் என்றால் அங்கே ஓடுவார், ஓடத்தான் வேண்டும், அங்கே இரண்டு உயிர். இடுப்பு முறிந்த பெரியவர் காலையிலிருந்து பட்டினியாகக் கிடந்து, மாலையில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கேட்டுக்கொள்வார். இரண்டு முறை அப்படித் தள்ளிப்போனால் 48 மணி நேரம் போயிற்று. உங்கள் ஊர் எலும்பு டாக்டர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் மதுரைக்கு எழுதியிருப்பார். அவருக்குக் கை வராது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் அனுப்புவதிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று மதுரை போய்ச் சேர 160 கிலோமீட்டருக்கு மேல். தொடை எலும்பு நடுவில் முறிந்தவருக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கிவிடும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவரை வெறும் சீட்டோடு வண்டியில் ஏற்றக் கூடாது. வலிக்கு ஊசி, சலைன், கால் அசையாமல் தாமஸ் ஸ்ப்ளின்ட், பாதத்தில் நாடி துடித்ததா என்று நேரம் போட்டு எழுதிய குறிப்பு, போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு போன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 108 கிளம்ப வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கிளம்பும் முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டாக வேண்டும். அதை மதுரையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் சீழுக்கு மூன்று மணி நேரம் இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். சாலை விபத்தாக இருந்தால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை, உச்சவரம்புக்குள், அரசே ஏற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தாமஸ் ஸ்ப்ளின்ட் என்றேனே, அதைச் செய்தவர் லிவர்பூலில் இருந்த ஹியூ ஓவன் தாமஸ். அவருடைய அப்பா டாக்டருக்குப் படித்தவர் இல்லை, பரம்பரையாக எலும்பு கட்டும் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் வந்தவர். பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக வழக்கு மேல் வழக்கு. அதனால் ஐந்து பையன்களையும் முறைப்படி டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்த ஐவரில் ஒருவர் செய்த ஸ்ப்ளின்டைத்தான், முதல் உலகப் போரில் அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுபோனார். தொடை முறிந்து வழியிலேயே செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் அதற்கப்புறம் பிழைத்தார்கள்.

இதை நான் சொல்வது புத்தூர் கட்டுக்காக. நம் பக்கத்தில் கை முறிந்தால் பாதிப் பேர் முதலில் போவது கட்டுக் கட்டுகிறவரிடம்தான். அவர் ஊருக்குள் இருக்கிறார், காக்க வைப்பதில்லை, ஊசி கத்தி இல்லை. மக்கள் போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்குப் பயமெல்லாம் அந்த இறுக்கத்தின் மேல்தான். முழங்கை முறிந்த ஒன்பது வயதுப் பையனை மூன்றாம் நாள் தூக்கி வந்தார்கள். மூங்கில் சிம்பு வைத்து, முட்டையும் பச்சிலையும் பூசி, துணி சுற்றியிருந்தது. விரல்கள் வெண்டைக்காய் போல விறைத்து, நுனி கறுத்திருந்தது. சுண்டுவிரலை லேசாக நீட்டிப் பார்த்தேன், பையன் கத்தவே இல்லை. அவன் கத்தாததைக் கண்டுதான் எனக்குக் கை நடுங்கியது. வலிக்கிற கட்டம் தாண்டி, தசையும் நரம்பும் செத்துப் போயிருந்தன. இறுக்கத்தில் ரத்தம் நின்ற தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, நாங்கள் போடும் மாவுக்கட்டாகவே இருந்தாலும் சரி, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி வந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, இனி உங்கள் கேள்வியின் ஆழத்துக்கு வருகிறேன். மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே என்கிறீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. ஆனால் கல்லூரி என்றதும் முதலில் வருவது எம்.பி.பி.எஸ். மாணவர்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்குக் காயத்தைக் கழுவி எலும்பை நேராக்கிக் கட்டுவது யார்? பட்டமேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்கள். முதல் வருட பி.ஜி. கேஸ் ஷீட் எழுதி ரத்தம் ஏற்பாடு செய்வார், இரண்டாம் வருடத்தவர் கழுவுவார், மூன்றாம் வருடத்தவர் கம்பி வைப்பார், உதவிப் பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954-ல். இத்தனை வருடமாக ஒருவர் கை பிடித்து ஒருவர் என்று வந்த சங்கிலி அது. கட்டடத்தை ஒன்றிரண்டு வருடத்தில் எழுப்பிவிடலாம். இந்தச் சங்கிலி மெல்லத்தான் நீளும்.

எலும்பு ஆபரேஷனைப் புத்தகத்தில் படிக்க முடியாது. முதன்முதலாகக் கால் எலும்பில் டிரில் போட்டபோது என் சீஃப் என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். எலும்பு ஒரு குழாய் மாதிரி, இந்தப் பக்கம் ஒரு கெட்டிச் சுவர், அந்தப் பக்கம் ஒரு கெட்டிச் சுவர், நடுவில் மஜ்ஜை. முதல் சுவரைத் துளைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது சுவரில் மறுபடி சத்தம் ஏறும். "இப்போ காதைக் கொடு" என்றார். சத்தம் மாறும் அந்த நொடியில் கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் டிரில் நுனி அந்தப் பக்கத்து ரத்தக் குழாயில் இறங்கும். அவர் கை என் கைமேல் இருந்தது இருபது முப்பது ஆபரேஷனுக்கு. அப்புறம் ஒருநாள் கையை எடுத்துவிட்டு டேபிளுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அதன் பிறகு ஒருநாள் வாசலில் நின்றார். நான் படித்த படிப்பு அதுதான். எம்.எஸ். என்று பட்டத்தில் எழுதியிருப்பது அந்த மூன்று வருடத்தின் பெயர்.

இந்தப் படிப்பு எந்த ஊரில் நடக்கிறது என்பது முக்கியம். எங்கள் கடற்கரையின் காயங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாயல்குடிப் பக்கத்தில் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால் நின்ற வாக்கில் வந்து இறங்குவார், இரண்டு குதிகாலும் நொறுங்கும். பார்க்கிறவர் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பார். பழகிய டாக்டர் உடனே முதுகுக்கு எக்ஸ்ரே எழுதுவார், ஏனென்றால் அதே அதிர்ச்சி மேலேறி இடுப்பு முதுகெலும்பை நசுக்கியிருக்கலாம். அவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றினால், நடக்க வேண்டியவர் நடக்காமல் போவார். பலகையில் கிடத்தித்தான் கொண்டுவர வேண்டும்.

சீமைக்கருவேல முள் இன்னொன்று. விறகு வெட்டும்போது முட்டியில் குத்தி, முனை உள்ளேயே முறிந்துவிடும். மேல்தோல் ஆறிவிடும், முட்டி மட்டும் மாதக்கணக்கில் வீங்கி வீங்கி வடியும். எக்ஸ்ரேயில் முள் தெரியாது. ஸ்கேனில் தேடினால்தான் தெரியும். வாதம் என்றும் காசநோய் என்றும் மாத்திரை சாப்பிட்டவர்களின் முட்டியிலிருந்து கால் அங்குல முள்ளை எடுத்திருக்கிறேன்.

அப்புறம் கடல். காயத்தில் உப்புத்தண்ணீர் பட்டதா என்று நாங்கள் தவறாமல் கேட்போம். கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி சிலருக்கு, அதிலும் ஈரல் கெட்டவர்களுக்கு, ஒரே நாளில் கால் முழுக்கக் கொப்புளம் போட்டு உயிரையே எடுத்துவிடும். அதற்குக் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக் வேறு. பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறையில் கீறிக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்குகிறார்கள். அந்தக் கீறலைச் சின்னக் காயம் என்று விடக் கூடாது.

விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்சில் சிக்கி விரல் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படகில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதனால் துண்டான விரலை நேராக மீன் ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு வருகிறார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் விரல் உறைந்து கெட்டுவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரல் ஐஸையும் தொடக்கூடாது, தண்ணீரிலும் மிதக்கக் கூடாது. ஒட்டவைக்க முடியுமா என்பது மெல்லிய ரத்தக் குழாயையும் நரம்பையும் தைக்கும் மைக்ரோ சர்ஜரி செய்யும் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில் இருக்கிறது. மண்டபத்திலும் மூக்கையூரிலும் உள்ள ஒவ்வொரு படகுக்காரரும் இதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ விரல் மிச்சமாகும்.

இவற்றையெல்லாம் கண்டு பழகிய டாக்டர் இங்கே இருக்க வேண்டும் என்றால், அவர் இங்கே கொஞ்ச காலமாவது படித்திருக்க வேண்டும். பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்று 2020-ல் ஒரு விதி வந்தது. நல்ல விதி. ஆனால் எலும்புத் துறைக்கு மூன்று மாதம் போதாது என்பது என் கருத்து. கால் எலும்பு ஒட்டவே நாலைந்து மாதம் ஆகும். தான் வைத்த ராடு பிடித்ததா, கோணிப்போனதா என்று பார்க்கும் முன்பே அந்த மாணவர் மூட்டை கட்டிவிடுகிறார்.

மதுரையில் செய்கிற ஆபரேஷனுக்கும் இதே குறை உண்டு. தொண்டியிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ போனவர் தையல் பிரிக்க உள்ளூர் சுகாதார நிலையத்துக்கே போய்விடுவார். ஆறாவது வாரம் மதுரைக்குத் திரும்பிப் போக பஸ் செலவு, துணைக்கு ஓர் ஆள், இருவரின் ஒருநாள் கூலி. வலி இல்லையென்றால் போகமாட்டார். மணிக்கட்டு லேசாகக் கோணி ஒட்டி, வலையை இழுக்க வலு இல்லாமல் போனது அந்த இளம் டாக்டருக்குத் தெரியவே தெரியாது. படத்தில் நன்றாக இருந்தது என்ற நினைப்போடு அடுத்த ஆபரேஷனுக்குப் போவார். எங்கள் கைப்பிழையை எங்களுக்குக் காட்டுவது திரும்பி வரும் நோயாளி மட்டும்தான். கட்டுக் கட்டுகிறவர் தான் கட்டிய கையைத் திருவிழாவில் பார்க்கிறார், சந்தையில் பார்க்கிறார். எங்களில் பலருக்கு அது வாய்ப்பதில்லை.

அதனால்தான் நான் சந்திக்கும் அதிகாரிகளிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கடற்கரை மாவட்டத்துக்கு எலும்பு டாக்டரை மாற்றலில் அனுப்பிவைப்பது பாதி வேலை. பி.ஜி. இடமும், சொல்லிக்கொடுக்கும் பேராசிரியரும், குறைந்தது மூன்று மயக்க டாக்டர்களும் இங்கேயே இருக்க வேண்டும். அப்போது இரவு தியேட்டர் தானாக ஓடும், மதுரைக்குப் போகிற வண்டி குறையும். காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரி செய்யும் ஆபரேஷனுக்கும் பணம் வருகிறது, அதிலிருந்து ராடும் பிளேட்டும் வாங்கலாம். பணத்தைவிட ஆள்தான் பஞ்சம்.

ஆள் கிடைக்க ஒரு வழியைத் தமிழ்நாடு முன்பே கண்டுவைத்திருந்தது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு. கிராமத்தில் வேலை பார்த்தவர் படித்துவிட்டு அரசுப் பணிக்கே திரும்புவார் என்பதுதான் அதன் அடிப்படை. இடையில் 2017-ல் அகில இந்திய விதியைக் காட்டி அந்த ஒதுக்கீடு நின்றுபோனது, கிராமச் சேவைக்கு ஊக்க மதிப்பெண் மட்டும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. என்னோடு சுகாதார நிலையத்தில் இருந்த இரண்டு பேர் இந்த வழியில் படித்துவிட்டுத் தென்மாவட்டங்களிலேயே வேலை பார்க்கிறார்கள். இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் நானும் டிரில் சத்தம் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது உங்கள் மகள். தாராளமாக எடுக்கட்டும். எலும்பை இழுத்து நேராக்க ஆம்பிளை பலம் வேண்டும் என்பது பழைய பேச்சு. தசை தளரும்படி மயக்கம் கொடுத்து, சரியான கோணத்தில் மெல்ல இழுத்துப் பிடித்தால் எலும்பு வழிக்கு வரும். முரட்டுத்தனமாக இழுக்கிறவரை நாங்கள் தியேட்டரில் திட்டத்தான் செய்வோம். பெண்கள் இந்தத் துறையில் குறைவு என்பதால் வார்டில் "நர்ஸம்மா, பெரிய டாக்டர் எப்ப வருவார்?" என்று அவளிடமே கேட்பார்கள். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளட்டும். சி-ஆர்ம் ஓடும் இடத்தில் ஈயக் கவசமும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜும் இல்லாமல் ஒருநாளும் நிற்கக் கூடாது, கர்ப்பமானால் அன்றே யூனிட்டில் சொல்லிவிட வேண்டும். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் எலும்பு வார்டில் போடும் டூட்டியை முழு மனதோடு பார்க்கட்டும். மாவுக்கட்டு அறையில் ஒரு மாதம் நின்று, நனைந்த கட்டு உள்ளங்கையில் சூடேறி இறுகும்போது அவளுக்கு மகிழ்ச்சி வருகிறதா என்று பார்க்கட்டும். வந்தால் நீட் பி.ஜி.க்குப் படிக்கட்டும். அப்புறம் இந்தக் கடற்கரைக்குத் திரும்பி வரட்டும். இது என் சுயநலமான வேண்டுகோள்.

அப்பாவுக்கு: மதுரையில் எவ்வளவு எடை ஊன்றச் சொன்னார்களோ அவ்வளவு ஊன்றி, வாக்கர் பிடித்துத் தினமும் நடக்கட்டும். கீழே உட்கார வேண்டாம், கழிப்பறைக்கு உயரமான நாற்காலி போடுங்கள், இரவில் அந்த வழியில் விளக்கு எரியட்டும். ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறிய வாய்ப்பு அதிகம், ஆகவே எலும்பு அடர்த்திக்கான மருந்தையும், பார்வை மங்கி மறுபடி விழாமல் இருக்கக் கண்புரையையும் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஆறாவது வாரம் இங்கேயே எக்ஸ்ரே எடுக்கலாம். எடுத்ததும் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போன் கேமராவில் எடுங்கள், அப்பா வாக்கரோடு நடப்பதையும் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மதுரைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் யூனிட்டில் காட்டச் சொல்லுங்கள். பேராசிரியர் இல்லையென்றாலும் பரவாயில்லை, ஆபரேஷனில் கூட நின்ற பி.ஜி. யாராவது இருப்பார், அவர் அதைப் பார்த்தால் போதும்.